அந்த வண்டி எங்கே

மேட்டுப்பாளையம் காயலான் கடையில்
ஒரு வேனின் கதவுக்கு அடியில் கிடந்தது இசூசு.
தராசில் ஏற்றித்தான் விலை சொன்னார்கள்.

தார்ப்பாய் போர்த்தி டாட்டா ஏஸில் வந்தோம்.
ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் கை காட்டினார்கள்.
பாண்டியிலிருந்து மூடி வருவது வேறென்னவாக இருக்கும்?
ஏட்டு டிப்ஸ்டிக்கை உருவி
மூக்கருகே வைத்துப் பார்த்தார்.
"ஆயில்தான்" என்றார்
கொஞ்சம் ஏமாந்து.

முதுநகரில் கவுஸ் மொய்தீன் பட்டறை.
என் அம்பாசிடரின் பழைய டீசல் என்ஜின்
செயின் பிளாக்கில் தொங்கியபடி
அரை மணி நேரம் சொட்டிக்கொண்டிருந்தது.
பாரம் போனதும் வண்டியின் முன்பக்கம் எழும்பி
சோற்று வாசனை கண்ட நாய்போல
மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"எறக்கினா தானா ஒக்காந்துக்கும்" என்றார் கவுஸ்.
உட்காரவில்லை.
ஆயில் சம்ப் கிராஸ் மெம்பரில் இடித்தது.
சம்பை வெட்டி ஒட்டியதும்
மவுண்ட் இரண்டு விரற்கடை தள்ளிப் போனது.
மவுண்டைச் சரிசெய்தால்
ஃபேன் ரேடியேட்டரைக் கடித்தது.
ஐந்து கியர் பெட்டி நீளம். தரைத் தகட்டைக் கிழித்தோம்.
ஷாஃப்ட்டைக் குட்டையாக்க
இம்பீரியல் சாலை லேத்துக்குத் தூக்கிப் போனால்
ரெஜினா மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்:
"எவ்ளோ?"
கவுஸ் கட்டைவிரலைக் காட்டினார்.
"விரலளவு மோதிரத்துக்கு. எனக்கு மில்லிமீட்டர்."
திரும்பி வந்து மூன்று தரம் அளந்தோம்.
மூன்றும் வேறு வேறு.

கார்த்திகை மழையில் பட்டறைக்குள் கணுக்கால் தண்ணீர்.
தையில் ஏழு கல்யாண வாடகை போயிற்று;
ஏழாவது, என் மச்சினன் மகளுடையது.
பூ ஒட்டிய இன்னொருவன் காருக்குப் பின்னால்
டவுன் பஸ்ஸில் போய் மொய் எழுதினேன்.

மாசியில் ஒரு மாலை பிடித்தது.
பழசு தெருமுனையிலேயே நான் வருவதைச் சொல்லிவிடும்,
இவள் அடுப்பில் தோசைக்கல்லை வைப்பாள்.
இது வாசலில் வந்து நின்ற பிறகும் வாயைத் திறக்கவில்லை.
வெளியே நின்று ஹாரன் அடித்தேன்,
அந்நியன் மாதிரி.

ஆர்.டி.ஓ. ஆபீஸில்
காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார் ஆய்வாளர்.
கரிக்குள்ளிருந்து வெள்ளையாய் எழுந்தது ஓர் எண்.
புத்தகத்தில் வேறு எண்.
"அந்த வண்டி எங்கே?"
பானெட்டைத் தட்டிக் காட்டினேன்.
"இது இந்த வண்டி.
அந்த வண்டி எங்கே?"
பாண்டிச் சான்று, காயலான் கடை ரசீது,
எடைச் சீட்டு எல்லாம் கேட்டார்.
எடைச் சீட்டில் மட்டும் சிரித்தார்.

நான்கு நடை நடந்து எண் மாறியது.

போன வாரம் சிதம்பரம் சவாரி முடித்துத் திரும்புகையில்
உப்பனாற்றங்கரை இறால் குட்டைப் பக்கம்
இருட்டில் ஒரு சத்தம்.
ஓரங்கட்டினேன்.
மூன்றாவது சிலிண்டரில் அதே இருமல்.
நான்கு செங்கல் மேல் உட்கார்ந்து
தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.
செங்கல் மேல் என்றாலும்
உட்கார்ந்திருந்தது.

கிளம்பும்போது
இடது கை ஸ்டியரிங் பக்கம் போய்
கியரைத் தேடியது.
தடவினால், போல்ட் போட்டு அடைத்த ஓட்டை.
கையைக் கீழே இறக்க
ஒரு நிமிஷம் ஆனது.