துளை எண் பதினான்கு

செந்தூல், காலை எட்டேகால்.
துளைப்பொறி இருமிக்கொண்டே எழுந்திருக்கிறது.
நாற்பத்திரண்டு மாடி நிற்கப்போகும் இடத்தில்
என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை.
ஜைலானி நெம்பைப் பிடிக்கிறான்,
ரஃபிகுல் குழாய் மாட்டுகிறான்,
நான் எழுதுகிறேன்:
ஆழம், நிறம், உறுதி, மீட்பு விழுக்காடு.
பாரத்தில் இவ்வளவுதான் கேட்கிறார்கள்.

முதல் அரை மீட்டர் தார், ஜல்லி,
ஒரு நீல ஸ்ட்ரா.
அதன் கீழ் கறுப்புச் சாம்பல்.
இந்தப் பக்கம் ரயில் பட்டறை இருந்தது.
என்ஜின்கள் தின்று துப்பிய நிலக்கரி;
அதற்கு முன் அது காடு,
அதற்கும் முன் வெயில்.
ஒரு பிடியில் எத்தனை எரிந்திருக்கிறது என்று எழுதக்
கட்டம் இல்லை.
‘கறுப்பு, தளர்ந்தது’ என்று எழுதுகிறேன்.

நாலு மீட்டரில் வழுவழுத்த சேறு.
ஈயம் அலசியவர்கள் விட்டுப்போனது.
இந்த நகரமே அதற்காக முளைத்ததுதான்.
ஆறு கலக்குமிடத்தில் இறங்கிய முதல் ஆட்களில்
பெரும்பாலோரைக் காய்ச்சல் தின்றது.
மிஞ்சியவர்கள் கடை போட்டார்கள், சூதாடினார்கள்,
சாமிக்கு ஒரு கூரை போட்டார்கள்.
வெள்ளீயம் இந்த ஊர்ப் பிறப்பு இல்லை.
சூரியன் தோன்றுமுன்னே எங்கோ ஒரு கிழட்டு விண்மீன்
ஆற அமரச் சமைத்து ஊதிவிட்ட பொருள்.
தூசியாய் அலைந்து, பூமியாய்த் திரண்டு,
கருங்கல்லோடு கொதித்து மேலேறி, மழையில் உதிர்ந்து,
கடைசியில் ஒரு தூலாங் தட்டில் மினுங்கியபோது
கிலோ என்ன விலை என்றோம்.
நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பதினெட்டில் பாறை.
சுண்ணாம்புக்கல், வெண்சாம்பல் நிறம், உறுதி மிக அதிகம்.
நாற்பது கோடி ஆண்டுக்கும் முந்தைய கடல்.
அப்போது பறவை இல்லை. பறவை உட்காரக் காடும் இல்லை.
கரையேறத் துணிந்தது பாசி போல ஏதோ ஒன்று.
கடலில் செத்தவை அடியில் சேர்ந்து, அழுந்தி, வெந்து,
சிப்பியா புழுவா என்று முகம் தெரியாமல்
பளிங்காகிவிட்டன.
உருளை உருளையாய் மரப்பெட்டியில் அடுக்கி
அட்டையில் எண் போடுகிறேன்.
எழுத்து பிறந்த நாளிலிருந்து என் பாரம் வரைக்கும்
இந்தக் கல் சேர்ந்த வேகத்தில்
ஒரு முழம் வந்தால் அதிகம்.

ரஃபிகுல் ஓர் உருளையைக் குழந்தைபோல் ஏந்தினான்.
“எங்கள் ஊரில் கல்லே கிடையாது, அக்கா.
எவ்வளவு தோண்டினாலும் ஆறு கொண்டுவந்த மண்தான்.
நான் முதலில் தூக்கிய கல் இந்த நாட்டில்தான்.”

முப்பத்தொன்றில்
கம்பி விழுந்தது.
ஜைலானி ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்,
உடனே இறைவன் பெயரையும்.
ஊற்றிய தண்ணீர் திரும்பி வரவில்லை.
இரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டருக்கு
ஒன்றுமில்லை.
மழை, இலைமக்கின் புளிப்பைக் குடித்து இறங்கி,
அவசரமே இல்லாமல் குடைந்த அறை.
குழாய் வாயில் காதை வைத்தேன்.
கேட்டது தலைக்கு மேல் போன எல்.ஆர்.டி.

மிஸ்டர் லியோங் போனில் வந்தார்:
“எத்தனை லோரி சிமெண்டு குடிக்கும்?”
சுவர் எங்கே என்று தெரிந்தால்தானே சொல்ல.
ஒன்றுமில்லாத இடத்தில் எல்லாம் தொடங்கியது என்கிறார்கள்.
எங்கள் தொழிலில்
ஒன்றுமில்லாத இடத்தில் செலவு தொடங்கும்.

பத்தரைக்குத் தே ஓ ஐஸ் வந்தது,
பிளாஸ்டிக் பையில், ஓரம் கட்டி.
தேயிலை கேமரன் மலையில் போன மாதம் பறித்தது.
தண்ணீருக்குள் இருக்கும் ஹைட்ரஜனோ
எல்லாம் தொடங்கிய முதல் சில நிமிடங்களின் சரக்கு.
இந்த சைட்டில் அதைவிடப் பழையது எதுவுமில்லை,
என் பெட்டிக் கடலையும் சேர்த்துத்தான்.
சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.
ஸ்ட்ரா நீலம்.

‘31.00 – 33.40: வெற்றிடம். நீர் திரும்பவில்லை.
பதிவு: தவமலர்.’

குடித்த பையைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டேன்.
மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது.
மழைக்கு முன் பொறியை நகர்த்தவேண்டும்,
பதினைந்துக்கு.