ஏழா, ஒன்றா

மார்ச் முப்பது.
பெரம்பூரில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
கீழே மிஷின் ஓடினால் என் மேஜையும் கொஞ்சம் ஓடும்.
நாளை மாலை ஐந்துக்குள் காலாண்டு அறிக்கை.

நானூற்றுப் பன்னிரண்டு பயனாளிகள்.
அதில் எழுபத்தொரு பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்.
பிறந்த நாள் தெரியாது என்றவர்களுக்கெல்லாம்
யாரோ ஓர் ஆபரேட்டர் ஆதாரில் போட்டுக் கொடுத்த தேதி.
புத்தாண்டன்று எங்கள் கணினி
எழுபத்தொரு பேருக்கும் வாழ்த்து அனுப்பியது.
ராயபுரம் அந்தோணிப்பிச்சை மட்டும் திருப்பிக் கூப்பிட்டு
"யாருக்குப்பா?" என்று கேட்டார்.

அந்தப் பொய்யில் நான் கை வைக்க முடியாது.
அட்டையில் இருப்பதே கட்டத்திலும் இருக்க வேண்டும்.

வரிசை எண் 217 அப்படியல்ல.
குணசுந்தரி, கண்ணகி நகர்.
விதவை உதவித்தொகை மனு.
நவம்பரிலிருந்து ஐந்து அழைப்புகள்.
ஐந்துக்கும் எதிரே என் சுருக்கொப்பம்: தே.
ஐந்துக்கும் எதிரே நான் தேர்ந்தெடுத்த சொல்:
மறுத்தார்.

"ராங் நம்பர்" என்று வைத்தது ஓர் ஆண்குரல்.
கொழுந்தன்மார் அப்படித்தான் சொல்வார்கள் என்று
நானே ஒரு கதை கட்டி
அதற்குள் அவளைக் குடிவைத்திருந்தேன்.

இன்று காகிதப் படிவத்தை எடுத்தேன்.
டிசம்பர் மழையில் நனைந்து காய்ந்த ஃபைல்,
தொட்டால் அப்பளமாய் நொறுங்குகிறது.
பார்த்திபன் நின்றவாக்கில் தொடையில் வைத்து எழுதிய எண்.
கடைசி இலக்கத்தை
ஏழு என்று அடித்திருக்கிறேன்.
ஒன்று அது.
தலையில் சின்னக் கொக்கி வைத்த ஒன்று.

ஒன்றைப் போட்டேன்.
இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.
பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன்.
"நீங்க கூப்புடுவீங்கன்னு
ரீசார்ஜ் மட்டும் விடாம பண்ணிட்டிருந்தேன் மேடம்.
கடன்லதான்."

மன்னிப்புக் கேட்டேனா, நினைவில்லை.
வட்டி எவ்வளவு என்று கேட்டேன் போல.

திரும்பவும் திரை.
காரணம் என்ற இடத்தில் அம்புக்குறியைத் தட்டினால்
நான்கு சொற்கள் இறங்குகின்றன:
இடம் மாறினார். இறந்தார். மறுத்தார். பயன் பெற்றார்.
எல்லாம் அவர்கள் செய்யக்கூடியவை.
நாங்கள் செய்ததற்குச் சொல் இல்லை.

குறிப்பில் அடித்தேன்:
ஐந்து மாதம் தவறான எண்ணை அழைத்தோம்.
பிழை எங்களுடையது. தே.
சிவப்பில் ஒரு வரி வந்தது:
மூடிய கோப்பைத் திறக்க ஒப்புதல் தேவை.

இம்மானுவேல் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"மறுத்தவங்க குறைஞ்சா நமக்கு நல்லதுதானே?"
"நல்லதுதான் சார். நிலுவை ஒண்ணு கூடும்."
பேனாவைத் திறந்தவர், மூடாமலே கேட்டார்:
"மறுத்தவங்க மொத்தம் எத்தன பேரும்மா?"

முப்பத்தெட்டு.

கீழே ஷட்டர் இறங்குகிறது.
மேஜை ஆடவில்லை.
மீதி முப்பத்தேழு படிவங்களையும் பரப்பி வைத்துக்கொண்டு
டியூப்லைட்டுக்கு நேராக ஒவ்வொன்றாய்த் தூக்கி
ஏழுகளைப் பார்க்கிறேன்.