ஏழாவது குழி

ஸ்க்ரூ போட்டு வைக்கத்தான் வாங்கினேன்,
கொருக்குப்பேட்டை காயலான் கடையில்
கண்ணாடி மூடிய மரப்பெட்டி.
நூற்றெண்பது ரூபாய்.
உள்ளே நைந்த பஞ்சில் ஆறு கல்,
ஒன்று மட்டும் கிடாக்கொம்பாய்ச் சுருண்டு.
ஏழாவது குழி காலி.
கல்லுக்குத் தனியா காசு வேணாம் என்றார் ஜக்கரியா.

அடியில், கரையான் விட்டுவைத்த தாளில்
காரை, திருச்சி ஜில்லா, 1971.
பாதி அழிந்த பள்ளி முத்திரை.

தண்டையார்பேட்டையில் அந்தப் பள்ளி
இப்போது கல்யாண மண்டபம்.
வாட்ச்மேன் கைகாட்டிய மாடிவீட்டில்
லேப் அட்டெண்டர் தெய்வசிகாமணி
ஆறையும் விட்டுவிட்டுக்
காலிக் குழியைத்தான் பார்த்தார்.

"சுறாப்பல்லு. இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்குக் காணோம்.
என் சம்பளத்துல பன்னெண்டு ரூபா புடிச்சாங்க."

எடுத்தது யார்?

"தெரியும்" என்றார்.
டீ வந்தது. குடித்தோம்.

காரையில் ஏது கடல் என்று கேட்டதற்கு
"குடிக்கவே தண்ணி இல்லாத ஊரு,
லாரியில போய்ப் பொறுக்கினோம்,
செருப்பெல்லாம் வெள்ளை மண்ணு."

ஸ்க்ரூ இன்னும் பிஸ்கட் டப்பாவில்தான்.

இரவு ஷட்டரை இறக்கிவிட்டு
ஏழாவது குழியில் விரலை விட்டேன்,
ஒட்டிய தூளை நாக்கில் வைத்தேன்.
காசிமேட்டுக் காற்று
கடையெல்லாம் கவிச்சியாய் வீச,
உப்பே இல்லை அதில்.