எடைமேடையில் எட்டு வாரம்

கல்லூரியிலிருந்து வந்தவர் சொன்னார்:
சம்பளம் நீங்கள் தர வேண்டாம்,
பழைய மாணவர்கள் போட்ட பணம் இருக்கிறது,
வாரம் ஆயிரத்து ஐந்நூறு, எட்டு வாரம்.
நீங்கள் தர வேண்டியது ஒரு நாற்காலி, கொஞ்சம் வேலை.

நாற்காலி இருந்தது.
வேலைக்குத்தான் யோசித்தேன்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டினால்
என் லாரி எடைமேடை, ஓரத்தில் தகரம் வேய்ந்த அறை,
அறைக்குள் ஒரு திரை, ஒரு பிரிண்டர், நான்.
வண்டி ஏறும். எண் நிற்கும். சீட்டு வரும். அறுபது ரூபாய்.
இதில் இன்னொருத்திக்கு எங்கே இடம்?

சகாயமலர் வந்தாள்.
வலங்கைமானிலிருந்து முதல் பஸ். இயற்பியல், இரண்டாம் வருடம் முடித்தவள்.
முதல் வாரம் முழுக்க
கேட் மூடித் திறக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள்.
எதற்கென்று கேட்டேன்.
திறந்த பத்தாவது நிமிடம்தான் வண்டிகள் வரிசை கட்டுகின்றன,
நீங்கள் அப்போது பார்த்து டீக்குப் போகிறீர்கள் அக்கா.

கோபம் வந்தது.
டீ நேரத்தை மாற்றினேன்.

மூன்றாம் வாரம் கேட்டாள்:
மேடையில் ஒன்றுமே இல்லை,
திரை ஏன் அறுபது கிலோ காட்டுகிறது? யார் நிற்கிறார்கள் அங்கே?
அது அப்படித்தான் என்றேன்.
ஒன்பது வருடமாக
எதற்கும் என்னிடம் இருக்கும் பதில்.

நோட்டைப் பிரித்தாள்.
ஏற்றி ஒருமுறை, இறக்கி ஒருமுறை போட்டால்
அறுபதில் அறுபது கழிந்துவிடும், தப்பில்லை.
தெரிந்த வண்டி என்று காலி எடையை
இந்தப் பழைய நோட்டிலிருந்து எடுக்கிறீர்களே,
அதற்குக் கழியாது.

கடப்பாரை வாங்கி வந்தோம்.
மேடைச் சட்டங்களுக்குள் மண்,
சம்பா அறுப்பில் டயரோடு வந்த வண்டல்,
மழையில் குழைந்து வெயிலில் வெந்து கல்லாகிக் கிடந்தது.
பதினோரு சட்டி.
யார் யார் வயலோ. சீட்டுச் சீட்டாக
அதையும் சேர்த்து எடை போட்டிருக்கிறேன்.

பூஜ்யம் வந்தது. கைதட்டினாள்.
நான் தட்டவில்லை.
அந்த அறுபது யாருக்குப் போனதென்று
எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது:
விற்றவனுக்கு.
வியாபாரிதான் ஏமாந்திருக்கிறான், வருடக்கணக்காக,
என்னால், அவனுக்கும் தெரியாமல், எனக்கும் தெரியாமல்.

மறுநாள் வேம்பையன் பருத்தி ஏற்றி வந்தார்.
அதே டிராக்டர், அதே மூட்டைக் கணக்கு.
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
மேடைக்கு என்னம்மா ஆச்சு, நல்லாத்தானே இருந்துச்சு?
சுத்தம் செய்தோம் என்றேன்.
அடுத்த லோடு மன்னார்குடி ரோட்டு மேடைக்குப் போனது.

பஞ்சு வியாபாரியிடம் சொல்லிவிடுங்கள் என்றாள் சகாயமலர்.
எட்டு வாரத்தில் போகிறவளுக்கு
உண்மை சுலபம்.
பார்க்கலாம் என்றேன்.
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசி நாள் படிவம் வந்தது.
மாணவி கற்றுக்கொண்டது என்ன? இரண்டு வரி இடம்.
எடை போட, என்று எழுதினேன்.
நான் கற்றதற்குக் கட்டம் இல்லை.
தொடர்ந்து வேலை தருவீர்களா? ஆம், இல்லை.
நாளைக்கு முப்பது சீட்டு, சில நாள் இருபது,
அதில் கரண்ட், இட வாடகை, முத்திரைக் கட்டணம், பிரிண்டர் ரிப்பன்.
பேனாவை மூடினேன், திறந்தேன்.
'இல்லை'யில் போட்டேன்.

அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்:
தெரியும் அக்கா, கணக்கை நான்தானே எழுதினேன்.

திங்கட்கிழமை காலை,
முதல் வண்டிக்கு முன்னால் திரையைப் பார்த்தேன்.
இப்போது அது பழக்கம்.
இருபது.
எழுந்து போனேன்.
மேடை நடுவே ஒரு செவலை நாய்,
ராத்திரி ஈரத்தில் குளிர்ந்திருந்த இரும்பில் தூங்கிக்கொண்டிருந்தது.
பின்னால் லாரி ஹாரன் அடித்தான்.
இரு, என்றேன்,
இன்னும் பூஜ்யம் வரவில்லை.