குமட்டி

இப்ரி மருத்துவமனையின் திரையில்
தஸ்நேவிஸின் இரைப்பையைப் பார்த்தேன்.
கஞ்சி வடிக்கையில் கொட்டிக்கொண்ட கை மாதிரி
சிவந்து, அங்கங்கே தோல் உரிந்து.

என்ன குடித்தான் என்றார் எகிப்திய டாக்டர்.
எனக்கு அரபி பாதிதான் வரும்.
மணலில் படரும் கொடியைக் காற்றில் வரைந்தேன்,
பச்சைக் கோடு போட்ட சின்னப் பந்தையும்.
"ஹந்தல்" என்றார், நெற்றியைத் தேய்த்தபடி.

சர்க்கரை முந்நூற்றுப் பத்து.
மாத்திரைக்கு மாதம் பதினாறு ரியால்.
காயோ பைப்லைன் ஓரம் சும்மா கிடந்தது,
ஒட்டகம் முகர்ந்துவிட்டுப் போகும்.
நான்கை நசுக்கி, துணியில் பிழிந்து
டீ கிளாஸில் முக்கால்.
கசந்தால் மருந்துதானே என்று
என்னிடம் கேட்டுவிட்டுத்தான் குடித்தான்.
நானும் தலையாட்டினேன்.
அதை டாக்டருக்கு வரைந்து காட்டவில்லை.

விடிய விடியக் கழிப்பறையில்
ரத்தமும் சளியும்.
ஃபோர்மேன் வண்டி ஐந்தரைக்குத்தான் வந்தது.

ஊரில் அதற்குப் பேரே குமட்டி.
பேய்க்குமட்டி.
சொல்லும்போதே வயிறு புரளும் பேர்.
இதைவிடத் தெளிவாக
ஒரு செடியின் மேல்
யார் எழுதி ஒட்டுவார்கள்?

மறுநாள் கண் விழித்ததும்
"சுகர் இறங்கிச்சா?" என்றான்.
இறங்கியிருந்தது.
நூற்று நாற்பது.

நான் சொல்லவில்லை.