இடது பின்

காரணம்பேட்டை தாண்டிப் பல்லடம் போகிற வழியில்
முப்பத்தாறு தறி ஓடுகிற ஷெட்டை ஒட்டி அந்த வீடு.
கிணற்றுக்கென்று வெட்டி
பதினெட்டடியில் பாறை மசியாமல்
தளம் போட்டு மூடி
மேலே வீட்டைக் கட்டிக்கொண்டார்களாம்.
இருபது வருசம் உள்ளே கோன் நூல் அடுக்கியிருந்தது.
இப்போது தியேட்டர் வேண்டும் என்றார் பொங்கியண்ணன்.
"படம் பாக்கறதுக்குங்களா?"
"பின்னே, நெல்லுக் காயவைக்கவா?"

முதலில் ஈரம்.
தெற்குச் சுவரில் கை வைத்தால்
வேர்த்த முதுகு போல் ஒட்டியது.
அன்றைக்குத் தண்ணீர் தராத பாறை
தியேட்டர் என்றதும் கசிந்தது.
"அப்ப ஒரு கொடம் குடுத்திருந்தா
நாலு தென்னை வெச்சிருப்பனே" என்று
சுவரைப் பார்த்துத் திட்டினார்.

தார் ஷீட் ஒட்டி, மரச்சட்டம் அடித்து,
உள்ளே அடைக்கக் கண்ணாடிப்பஞ்சுக்கு விலை எழுதியிருந்தேன்.
அவர் மனைவி நாகமணி தாளை வாங்கிப் படித்தார்.
"பஞ்சுக்குக் காசா? இந்த ஊர்லயா?"
மறுநாள் இரண்டு டெம்போ மில்கழிவு வந்திறங்கியது.
அடைத்தோம். தும்மினோம். அடைத்தோம்.
அவர்கள் தறியிலேயே ஓடின காடாவுக்குக்
கறுப்புச் சாயம் ஏற்றி இழுத்துக் கட்டினோம்.

கதவைச் சாத்திக் கை தட்டினேன்.
தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே விழுந்தது.
இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த நிமிடம்.

தறிகள் மட்டும்
பாறை வழியாக உள்ளங்காலுக்கு வந்தன.
"இதை நிறுத்தலாமுங். அடியில ரப்பர், மேல இன்னொரு தரை.
ஒண்ணேகால் லட்சம் ஆகும்."
"எதைய நிறுத்தறது?" என்றார்.

ஏழு பெட்டி, ஒரு சப்வூஃபர்.
நடு நாற்காலியில் அவரை உட்காரவைத்தேன்.
"ஒவ்வொண்ணாச் சத்தம் விடறனுங்.
கேட்டாக் கையைத் தூக்குங்."
நடு. தூக்கினார்.
இடது முன். யோசித்து, தூக்கினார்.
வலது முன், வலது பக்கம், வலது பின்.
பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி
சத்தத்துக்கு முந்திக் கொஞ்சம் தூக்கினார்.
இடது பக்கம்.
இடது பின்.
கை முழங்கால் மேலேயே கிடந்தது.

ஒயரைக் கழற்றி மாட்டினேன்.
ஆம்பை அணைத்துப் போட்டேன்.
ஏணி வைத்து ஏறிப் பெட்டியில் காதை வைத்தேன்.
உள்ளே மழை
நன்றாகப் பெய்துகொண்டிருந்தது.

படியில் நின்ற நாகமணியம்மாள்
தன் இடது காதைத் தொட்டுக் காட்டித்
தலையை ஆட்டினார்.
இல்லை என்றா, சொல்லாதே என்றா, தெரியவில்லை.
பதினாலு வயசில் தறிக்கு நின்றவர்.
எந்தப் பக்கம் சுவரோ,
எந்தப் பக்கம் மிச்சத் தறிகளெல்லாமோ.

"அது ரண்டும் ரிப்பேருங்களா?"
நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதுபோல் குனிந்தேன்.
அவரே புரிந்துகொண்டார்.
"சரி. எனக்குத்தான்."
"வேணுமின்னாக் கழட்டீறலாமுங்.
நாப்பதாயிரம் மிச்சம்."
"இருக்கட்டும்.
ஒறம்பரை வந்தாக் கேப்பாங்கல்ல."

கடைசியாகச் சப்வூஃபர்.
அடித்தொண்டையில் அது உறுமத் தொடங்கியதும்
செருப்பைக் கழற்றிவிட்டு
இரண்டு காலையும் தரையில் பதித்தார்.
"அட, இது கேக்குது. இன்னுங் கொஞ்சம் வை."
வைத்தேன். நாற்காலிக் கைப்பிடி அதிர்ந்தது.
கண்ணை மூடிக்கொண்டார்.

திடீரென்று எழுந்தார்.
"ரண்டாவது வரிசை நின்னிருச்சு."
சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல்
படியேறி ஓடினார்.
சத்தத்தை நிறுத்திக் கேட்டேன்.
எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.
இரண்டு காதும் சரியாக உள்ள எனக்கு.

நாகமணியம்மாள் இறங்கி வந்தார்.
முந்தானையால் நாற்காலியைத் தட்டிவிட்டு
அவர் இடத்தில் உட்கார்ந்தார்.
"எனக்கும் ஒருக்கா போடு பாக்கலாம்."

இடது பின்னில் இருந்து
ஆரம்பித்தேன்.