பதினொரு மாதம்

நலத்துறைக் கடிதத்தை
எதிர்வீட்டுக் குஞ்ஞிராமன்தான் படித்தார்.
தோட்டத்தில் கிராணியாக இருந்தவர்;
மலாய்க் கடிதம் என்றால்
கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்குவார்.
இரண்டு முறை வாய்விட்டு.
மூன்றாம் முறை வாய்க்குள்.
"அந்த முந்நூறு வெள்ளி இனிமே வராதும்மா."
ஏனாம் என்று கேட்டேன்.
"அது எழுதலை. நன்றின்னு எழுதியிருக்கு."

வடிகால் இலாகா பென்ஷன் அறுநூற்று எண்பது.
வீட்டுத் தவணை நானூற்றுப் பன்னிரண்டு.
மீதியை நான் சொல்ல வேண்டாம்.
ஊத்தான் மெலிந்தாங்கில்
இந்தக் கழித்தல் கணக்கு
பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் பாடம்.
மூன்றாவது வரிசை அப்பளசாமி
இரும்பு கேட்டைக் கழற்றி
பழைய சாமான் லோரிக்குப் போட்டுவிட்டார்.
இப்போது அவர் வாசலுக்குள்
யார் வீட்டு மாடோ வந்து படுக்கிறது.

தெலுக் இந்தானுக்கு பஸ் ஏறினோம்.
வங்கியில் எண் நாற்பத்தேழு.
"சடையன் அனாக் லெலாக்கி பெரியண்ணன்!"
நாற்பத்து நாலு வருஷமாய்
நான் சொல்லாத பேரை
கவுண்டர்கள்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

நல்ல பெண் அவள்.
பக்சிக், மக்சிக் என்று
நாற்காலியை அவளே இழுத்துப் போட்டாள்.
தவணையை இருநூற்று அறுபதாகக் குறைக்கலாமாம்.
ஆனால் நீளும்,
இவருக்கு எண்பத்திரண்டு ஆகும்வரை.
"ஆஸ்பத்திரி டாக்டர்கூட
எனக்கு அவ்வளவு தரலையே" என்றார் இவர்.
சிரிக்கலாமா என்று
அவள் என்னைப் பார்த்தாள்.

அப்புறம் அந்த இன்சூரன்ஸ்.
அவர் இறந்தால் மிச்சக் கடன் அடைந்துபோகும்,
வீடு எனக்கு.
எழுபது வயது வரைக்கும்தான், மக்சிக்.
அதன்பிறகு இந்தத் தாள் வெறும் தாள்.

இவருக்கு அறுபத்தொன்பது முடிந்து
அன்றைக்கு ஒரு மாதம்.

திரும்பும் பஸ்ஸில் விரல் மடக்கினார்.
"பதினொரு மாசம் இருக்கு" என்றார்,
மழைக்கு முந்தி
துணியை எடுக்கச் சொல்கிற குரலில்.
ஜன்னலுக்கு வெளியே செம்பனை,
செம்பனை, செம்பனை.
நான் பதில் சொல்லவில்லை.

காலில் ஆறாத புண் உள்ள மனுஷன்
அடுத்த வாரம்
கூரை ஓட்டை மாற்ற ஏணி கேட்டார்.
ஒட்டுக்கடையில் பால் டின் சாய்த்த தேத்தண்ணி
இரண்டு கிளாஸ் குடித்ததாக
கடைக்காரனே வந்து சொன்னான்.
சர்க்கரை மாத்திரையை மறந்தார்.
மறதி என்றால் ஒருநாள் வரும், ஒருநாள் வராது.
இவருடையது
தினமும் எட்டு மணிக்குச் சரியாக வந்தது.

ஏணியைக் குஞ்ஞிராமன் வீட்டில் பூட்டச் சொன்னேன்.
மாத்திரை போட்டதும்
நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன்,
பிள்ளைக்குப் பார்ப்பதுபோல் இல்லை,
திருடனைப் பார்ப்பதுபோல்.
காலையில் உதிரிப்பழம் பொறுக்கப் போனேன்,
மூட்டைக்கு இத்தனை என்று.
குனிந்தால் எழ முடியவில்லை,
எழுந்தால் குனிய முடியவில்லை.
ஆனாலும் தவணை போனது.
ஆகஸ்ட் போனது. தீபாவளி போனது,
முறுக்கு இல்லாமல்.

ஒருநாள் இருட்டில் கேட்டார்:
"உனக்கு வீடு வேணாமா?"
அந்தக் கேள்விக்கு
நான் எழுந்து போய்
வெளி விளக்கை அணைத்தேன். கரண்டு பில்.

மே பதினாலு.
முதல்நாள் இரவு நான் தூங்கவில்லை.
பக்கத்து வீட்டு டிவி நின்றது,
நாய் நின்றது,
கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டி
ஒரு நிமிஷம் பொறுத்தேன்.
பேரைச் சொல்லித்தான் எழுப்பினேன்.

திடுக்கிட்டு, "என்ன கவுண்டரா?" என்றார்.

"எழுபது. இனிமே நீங்க செத்தா
ஒரு காசு குறையாது.
எழுந்து மாத்திரையைப் போடுங்க."

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
தண்ணீர்க் குவளையை
இருட்டிலேயே தடவி எடுத்தார்.
"அப்போ எண்பத்திரண்டா?" என்றார்.

எண்பத்திரண்டுதான்.
அஞ்சாம் தேதிக்கு
இன்னும் நாற்பது வெள்ளி குறைகிறது.
அப்பளசாமி வாசலில்
அந்த மாடு இருமியது.